தற்காப்பும் துப்பாக்கி அனுமதியும்: ஒரு மறுப்பு

ஆயுத அனுமதிச் சட்டங்கள் கள்வனைக் கட்டுப்படுத்துவதில்லை, கள்வனுக்கு அஞ்சி நடக்கும் நல்லவனின் கைகளையே கட்டுகின்றன என்னும் வாதம் ஐக்கிய அமெரிக்காவிலே நெடுங்காலமாக ஒலித்து வருவதாகும். குற்றம் புரிபவன் அனுமதிப்பத்திரம் கேட்டு எந்த அலுவலகத்தின் வாயிலிலும் நிற்பதில்லை. நிற்பவன் சட்டத்தை மதிப்பவனே. ஆகவே சட்டம் அவனை மாத்திரமே நிராயுதபாணியாக்குகின்றது என்பது இவ்வாதத்தின் சாரம். கேட்பதற்கு எளியது, மறுப்பதற்கு அரியதுபோலத் தோன்றுவது. இதனை முன்வைப்போர் அனைவரையும் துப்பாக்கி வியாபாரிகளின் கூலிகள் என்று கூறி ஒதுக்கிவிடும் வழக்கமும் உண்டு. அது சிந்தனைச் சோம்பல். இவ்வாதத்தின் ஒரு பாதி உண்மையானது. அவ்வுண்மைப் பாதியை மறைத்துக்கொண்டு மறுபாதியை எதிர்க்க முனைவோர் விவாதத்திலே தோற்பது இயல்பே.

இவ்வாதத்தை உரைத்துப் பார்ப்பதற்கு நியூயோர்க் நகரத்திலும் பொருத்தமான இடம் வேறில்லை. 1911 ஜனவரி 23 ஆம் திகதி, டேவிட் கிரஹாம் பிலிப்ஸ் என்னும் நாவலாசிரியர் அந்நகரின் கிராமர்சிப் பூங்காவினருகே பட்டப்பகலிற் சுடப்பட்டு மறுநாள் இறந்தார். சுட்டவர் மனநிலை பிறழ்ந்த ஒரு வயலின் கலைஞர். தம் குடும்பத்தாரை நாவலொன்றிலே இழிவுபடுத்திவிட்டார் என்பது அவர் கற்பித்துக்கொண்ட குறை. இக்கொலை எழுப்பிய பரபரப்பினிடையே, ரம்மனி மண்டபம் என வழங்கிய கட்சி இயந்திரத்தின் தலைவர்களுள் ஒருவரும் மாநிலச் செனற் சபை உறுப்பினருமான திமொதி சலிவன் கொண்டுவந்த சட்டம் அவ்வாண்டே நிறைவேறியது. மறைத்து வைக்கக்கூடிய சிறு துப்பாக்கியை வைத்திருப்பதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அஃதின்றி அதனை மறைத்து எடுத்துச் செல்வது பாரதூரமான குற்றம் என்பதே சலிவன் சட்டத்தின் கரு.

அச்சட்டம் நடைமுறைக்கு வந்த முதல் மாதத்திலேயே தண்டிக்கப்பட்டவர்களுள் ஒருவர் இத்தாலியத் தொழிலாளி ஒருவர். வேலை தேடி நகருக்கு வந்த அவரிடம் துப்பாக்கியொன்று இருந்தது. கருங்கை என அழைக்கப்பட்ட கப்பக் கும்பலுக்கு அஞ்சியே அதனை வைத்திருந்ததாக அவர் நீதிமன்றத்திற் கூறினார். அக்கும்பல் கற்பனையன்று, இத்தாலியக் குடியேறிகளை வருத்திய மெய்யான கொடுமை. ஆயினும் அவருக்குக் கிடைத்தது ஓராண்டுச் சிறை. குடியேறிகளுக்கு இது தக்க எச்சரிக்கை என்று பத்திரிகை உலகிலே பாராட்டும் எழுந்தது. ஆக, அனுமதிச் சட்டம் தற்காப்பைத் தடுக்கின்றது என்று கூறுவோருக்குச் சாட்சி தேடித் தொலைவு செல்லவேண்டியதில்லை. அச்சட்டத்தின் தொட்டிலருகிலேயே சாட்சி நிற்கின்றது.

1913 இல் சட்டம் திருத்தப்பட்டு, வெளியே துப்பாக்கி கொண்டுசெல்ல விரும்புபவர் நன்னடத்தையுடையவராக இருப்பதோடு 'தக்க காரணம்' காட்டவும் வேண்டும் என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டது. தக்க காரணம் யாது என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு அனுமதி வழங்கும் அதிகாரியிடம் விடப்பட்டது. நியூயோர்க் நகரில் அவ்வதிகாரம் பொலிஸ் திணைக்களத்தினுடையது. காலப்போக்கில் நீதிமன்றங்கள் இச்சொற்றொடருக்குப் பொருள் கண்டன. பொதுமக்கள் அனைவருக்கும் உள்ள ஆபத்திலிருந்து வேறுபட்ட, தமக்கேயுரிய விசேட ஆபத்தை விண்ணப்பதாரர் நிறுவவேண்டும் என்று 1980 இல் தீர்ப்பொன்று கூறிற்று.

இவ்விதியின் விளைவைச் சற்று நிதானித்து நோக்குதல் தகும். இரத்தினக்கற்களைப் பையிலே கொண்டுசெல்லும் வணிகருக்கு விசேட ஆபத்து உண்டு. அவர் அனுமதி பெறுவார். இரவுப் பணி முடிந்து தென் புரொங்ஸ் பகுதியிலுள்ள தன் வீட்டுக்கு நடந்து செல்லும் தாதிக்கு உள்ள ஆபத்து அவளுடைய அயலவர் எல்லோருக்கும் உள்ள ஆபத்தே; ஆகையால் அது விசேடமானதன்று; அவளுக்கு அனுமதி இல்லை. எத்தனை பேர் ஒரு தெருவிலே அஞ்சி வாழ்கின்றனரோ, அத்தனைக்கு அத்தெருவிலுள்ள ஒவ்வொருவருடைய அச்சமும் சட்டத்தின் பார்வையில் மலிந்துபோகின்றது. பணத்தின் ஆபத்துக்கு மதிப்பளித்து உயிரின் ஆபத்தைப் பொதுமையென்று தள்ளும் இவ்வேடிக்கைத் தருக்கம் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் சட்டமாக நின்றது.

அதிகாரியின் தற்றுணிபு எவருடைய பக்கம் சாயும் என்பதற்கு நியூயோர்க்கிற்கு வெளியேயும் உதாரணம் உண்டு. 1956 ஜனவரி 30 ஆம் திகதி அலபாமா மாநிலத்தின் மொன்ற்கோமறி நகரில் மாட்டின் லூதர் கிங்கின் வீட்டின்மீது குண்டு வீசப்பட்டது. மனைவியும் கைக்குழந்தையும் அவ்வேளை வீட்டினுள் இருந்தனர். அதன்பின் கிங் துப்பாக்கி கொண்டுசெல்வதற்கு அனுமதி கோரி விண்ணப்பித்தார். விசேட ஆபத்து என ஒன்று உலகில் இருக்குமாயின் அஃது இதுவே. உள்ளூர் அதிகாரிகள் மறுத்துவிட்டனர். அகிம்சையின் உருவமாகப் பின்னாளிலே போற்றப்பட்டவர் ஒருகால் இவ்வாறு விண்ணப்பித்தார் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். மறுத்த அதிகாரிகளுக்கோ அதில் வியப்பொன்றும் இருந்திராது.

இலஞ்சத்தின் கதையும் உண்டு. 2017 இல், நியூயோர்க் பொலிஸ் திணைக்களத்தின் அனுமதிப் பிரிவில் முன்னர் பணியாற்றிய அதிகாரிகள் சிலர், கையூட்டுப் பெற்றுக்கொண்டு அனுமதிப்பத்திரங்களை விரைவுபடுத்தினர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டனர். அதிகாரியின் விருப்பே சட்டமாகும்போது அவ்விருப்புக்கு விலையும் ஏற்படும். 2021 இலே சலிவன் சட்டத்தின் வழிவந்த விதிகள் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் விசாரணைக்கு வந்தபோது, ஏழை மக்களுக்காக வாதாடும் புரொங்ஸ், புரூக்லின் பொதுச் சட்டத்தரணிகள் துப்பாக்கிக் கட்சியாரின் பக்கம் நின்று மனுச்செய்தனர். அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்ததற்காகத் தம்மிடம் வரும் கட்சிக்காரரில் மிகப் பெரும்பாலானோர் கறுப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்க வழியினருமே என அவர்கள் எடுத்துக்காட்டினர். முற்போக்காளர் பலருக்கு இது தர்மசங்கடமாயிற்று. சங்கடப்படவேண்டியவர்களே அவர்கள்.

இதுவரை கூறியவை யாவும் துப்பாக்கிக் கட்சியாருக்குச் சாதகமானவை. அவற்றுள் ஒன்றையேனும் மறுப்பதற்கில்லை. அதிகாரியின் மேசையிலே சிலருடைய அச்சம் நியாயமானதாகவும் வேறு சிலருடைய அச்சம் ஐயத்துக்குரியதாகவும் மதிக்கப்பட்டது. அநீதி அங்கேதான் இருந்தது. ஆனால் இதிலிருந்து அவர்கள் பெறும் முடிபு யாது? அம்மேசையை அகற்றிவிட்டு விரும்பியவர் கையில் எல்லாம் துப்பாக்கியைக் கொடுத்தால் நீதி பிறந்துவிடும் என்பது. தவறு இவ்விடத்திலேயே நுழைகின்றது. எவருடைய முகம் அஞ்சத்தக்கது, எவருடைய உயிர் காக்கத்தக்கது என்று தீர்மானிக்கும் தற்றுணிபு மேசையோடு மறைந்துவிடுவதில்லை. துப்பாக்கியின் விசையிலே விரல் வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் அது சென்று தங்குகின்றது. அதிகாரியின் தீர்மானத்துக்கு எதிராக மேன்முறையீடு செய்யலாம். விரலின் தீர்மானத்துக்கு எதிராகச் செய்ய இயலாது.

இதனை விளக்குவதற்குத் துப்பாக்கிக் கட்சியார் தமது வெற்றிக்கொடியாக ஏந்தித் திரிந்த வழக்கையே எடுத்துக்கொள்ளலாம். பேர்னாட் கெற்ஸ் என்பவர் மின்னணு உபகரணங்களைத் திருத்தும் தொழிலைச் செய்துவந்த வெள்ளையர். 1981 இல் மன்ஹற்றனின் கனால் வீதிச் சுரங்க ரயில் நிலையத்தில் இளைஞர் மூவர் அவரைத் தாக்கிப் பொருளைப் பறிக்க முயன்றனர். முழங்காலிலே அவருக்குக் காயம் ஏற்பட்டது. அவர் துப்பாக்கி அனுமதிக்கு விண்ணப்பித்தார். போதிய தேவை காட்டப்படவில்லையென விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பின்னர் அவர் புளோரிடா சென்று கைத்துப்பாக்கியொன்றை வாங்கிவந்து அனுமதியின்றியே எடுத்துத் திரிந்தார். 1984 டிசெம்பர் 22 ஆம் திகதி, கிறிஸ்துமசுக்கு மூன்று நாள் முன்னர், சுரங்க ரயிலில் அவர் ஏறிய பெட்டியிலே புரொங்ஸ் பகுதியைச் சேர்ந்த கறுப்பின இளைஞர் நால்வர் இருந்தனர். அவர்களுள் ஒருவர் அவரிடம் ஐந்து டொலர் கேட்டார். கெற்ஸ் எழுந்து நின்று ஐந்து முறை சுட்டார். நால்வரும் காயமடைந்தனர். ஒருவருக்கு முதுகுத்தண்டு அறுந்து இடுப்பின் கீழ் உணர்வற்றுப்போயிற்று.

நகரம் கொண்டாடிற்று. சுட்டவரைக் கண்டுபிடிப்பதற்காகப் பொலிசார் ஏற்படுத்திய தொலைபேசி இணைப்புக்கு, அவரைப் புகழ்ந்தே அழைப்புகள் குவிந்தன. கொள்ளையும் கொலையும் மலிந்திருந்த அன்றைய நியூயோர்க்கிலே, மாலையில் ரயிலேற அஞ்சிய இலட்சக்கணக்கான எளிய மக்களின் பெருமூச்சு அது. அதனை வெறும் இனவெறி என்று முத்திரை குத்துவது அநியாயம்; தொடக்கத்திலே அவரைப் பாராட்டியவர்களுள் கறுப்பின மக்களும் இருந்தனர். ஒன்பது நாட்களின் பின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தின் கொங்கோட் நகரில் கெற்ஸ் தாமாகவே சரணடைந்து நீண்ட வாக்குமூலம் அளித்தார். இவ்வாக்குமூலமே இவ்வழக்கின் இதயம். அதனைப் பாராட்டுரைஞர் பெரும்பாலும் வாசிப்பதில்லை.

அந்நால்வரிடமும் துப்பாக்கி இல்லை என்று தமக்கு உறுதியாகத் தெரிந்திருந்ததாக அவர் கூறினார். பணம் கேட்டவரின் முகத்திலிருந்த புன்னகையைக் கண்டே அவர்கள் தம்மோடு விளையாட எண்ணுகின்றனர் என அறிந்துகொண்டதாகக் கூறினார். யாரை முதலிற் சுடுவது, எந்தத் திசையிற் சுடுவது என்று எழுமுன்னரே வகுத்துக்கொண்டதாகக் கூறினார். நால்வரையும் சுட்டபின் ஒருவர் அதிகம் காயப்படாதிருப்பதாகத் தோன்றவே அவரை நோக்கி மீண்டும் சுட்டதாகவும் கூறினார். இளைஞர் இருவரின் மேலங்கிகளிலே திருப்புளிகள் இருந்தது உண்மை. அவை வெளியே எடுக்கப்படவில்லை. கெற்ஸ் அவற்றைக் காணவுமில்லை. ஐந்து குண்டுகளுள் ஒன்று ஒருவரையும் தைக்காமல் பெட்டியின் சுவரிலே மோதித் திரும்பிற்று. அப்பெட்டியில் அவ்வேளை பதினைந்து இருபது பயணிகள் இருந்தனர். அவர்களுக்கும் தற்காப்புரிமை உண்டென்பதைத் தற்காப்பு வாதிகள் ஒருபோதும் கணக்கிலெடுப்பதில்லை. திரும்பிவந்த குண்டிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ள அவர்கள் எந்த அலுவலகத்திலே விண்ணப்பிப்பது?

இங்கே கேட்கவேண்டிய கேள்வி எளியது. அனுமதிச் சட்டம் கெற்சின் தற்காப்பைத் தடுத்ததா? தடுக்கவில்லை, அவரிடம் துப்பாக்கி இருந்தது. சட்டத்தை மதிப்பவன் மாத்திரமே நிராயுதபாணியாகின்றான் என்னும் வாதத்தின் நாயகரே சட்டத்தை மீறி ஆயுதம் வைத்திருந்தவர். அவரிடம் அனுமதிப்பத்திரம் இருந்திருந்தாற் போலும் நிகழ்ச்சி வேறாகியிராது: அதே புன்னகை, அதே ஐந்து டொலர், அதே ஐந்து குண்டுகள். பத்திரம் மாற்றியிருக்கக்கூடியது ஒன்றே. 1987 ஜூன் மாதம் யூரர்கள் அவரைக் கொலைமுயற்சிக் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தபோது எஞ்சிநின்ற ஒரேயொரு குற்றம் அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தமை. அவ்வொரு குற்றத்துக்காகவே அவர் சில மாதங்கள் சிறையிருந்தார். அனுமதிச் சட்டம் நீக்கப்பட்டிருப்பின் அதுவும் இல்லை. நால்வரைச் சுட்டவர் ஒரு குற்றமும் புரியாதவராக வீடு சென்றிருப்பார். அனுமதிச் சட்டத்தை நீக்கக் கோருபவர்கள் வேண்டுவது இதுவாயின் அதனை வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும்.

சட்டம் பயிலும் மாணவருக்கு இங்கே ஒரு வேறுபாடு உடனே புலனாகும். தற்காப்புரிமை வேறு, ஆயுதத்தை முன்கூட்டியே சட்டைப்பையில் வைத்திருக்கும் உரிமை வேறு. 1883 ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை தற்காப்புரிமைக்கு ஒரு தொகுதிப் பிரிவுகளையே ஒதுக்கியுள்ளது. நியாயமான அச்சம் தோன்றும் கணத்திலே அவ்வுரிமை தோன்றுகின்றது. அச்சம் நீங்கும்போது நீங்குகின்றது. ஆபத்துக்கு மிஞ்சிய தீங்கு செய்வதற்கு அது இடமளிப்பதில்லை. ஏறத்தாழ எல்லா நாட்டுச் சட்டங்களும் இவ்வாறே கூறுகின்றன. நியூயோர்க்கின் அதியுயர் மேன்முறையீட்டு நீதிமன்றமும் கெற்ஸ் வழக்கிலே 1986 இல், அஞ்சியவர் மெய்யாகவே அஞ்சினாரா என்பதோடு அவ்வச்சம் நியாயமானதா என்பதும் பார்க்கப்படவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அனுமதிச் சட்டம் இக்கணத்து உரிமையைத் தொடுவதில்லை. தாக்கப்படுபவன் கையிற் கிடைத்ததைக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்வதை எந்த அனுமதிச் சட்டமும் குற்றமாக்கியதில்லை. ஆபத்து இல்லாத ஏனைய ஆயிரம் கணங்களிலே ஒருவன் எதனைச் சுமந்து திரிகின்றான் என்பதைப் பற்றியதே அது.

ஆனால் துப்பாக்கியின்றேல் அவ்வுரிமை வெற்றுரிமையன்றோ என்று மறுமொழி கூறுவர். வலிமை குன்றியவர், முதியோர், பெண்கள் ஆகியோருக்குத் துப்பாக்கியே சமத்துவம் அளிக்கின்றது என்பர். இவ்வாதத்தின் பலம் சிறிதன்று. எனினும் தெருக்கொள்ளையின் இயல்பை அது மறந்துவிடுகின்றது. வழிப்பறிக்காரன் சவால்விட்டுத் தூரத்தே நிற்பவனல்லன். பின்னாலிருந்து, கைக்கெட்டும் அண்மையில், எதிர்பாராத வேளையில் வருபவன். அவன் கை முந்திவிட்ட பின்னரே இரையானவன் தான் இரையென்பதை அறிகின்றான். துப்பாக்கியை உரிய நேரத்தில் எடுக்க விரும்புபவன் அவனுக்கு முந்தவேண்டும். முந்துவதாயின் குற்றம் நிகழுமுன்னரே குற்றவாளி யாரெனத் தீர்மானித்துவிடவேண்டும். செயலைப் பார்க்க நேரமில்லாதபோது மனிதன் எதனைப் பார்க்கின்றான்? வயதை, உடையை, நடையை, நிறத்தைப் பார்க்கின்றான். கெற்ஸ் ஒரு புன்னகையைப் பார்த்தார்.

அனுமதிப்பத்திரத்தோடு சுட்டவரின் கதை வேண்டுமாயின் அதுவும் உண்டு. 1987 இல் புளோரிடா மாநிலம், நிபந்தனைகளை நிறைவுசெய்யும் எவருக்கும் மறுக்காது அனுமதி வழங்கும் சட்டத்தை இயற்றியது. அத்தகைய பத்திரம் பெற்றிருந்த ஜோர்ஜ் சிமர்மன், 2012 பெப்ரவரி 26 ஆம் திகதி சான்போட் நகரில், கடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பதினேழு வயதுக் கறுப்பினச் சிறுவன் ட்றெய்வொன் மாட்டினைச் சந்தேகத்துக்குரியவனாகக் கண்டு பின்தொடர்ந்தார். இடையிலே நிகழ்ந்த கைகலப்பிற் சுட்டுக் கொன்றார். சிறுவனிடம் ஆயுதம் எதுவும் இருக்கவில்லை. தற்காப்பு என்ற வாதத்தின்மேல் அவர் 2013 இல் விடுதலையானார். அவ்விரவிலே தற்காப்பு யாருக்குத் தேவைப்பட்டது என்ற வினா இன்றும் பலர் நெஞ்சை உறுத்துவதாகும். அந்நியன் ஒருவன் இருளிலே பின்தொடர, அஞ்சியவன் அச்சிறுவனாகவும் இருந்திருக்கலாமன்றோ? அவனுடைய அச்சத்தைப் பற்றிச் சாட்சி கூற அவன் இருக்கவில்லை.

பத்திரம் கறுப்பினத்தவரின் பையிலே இருந்தாற்போலும்? 2016 ஜூலை 6 ஆம் திகதி மினசோற்றா மாநிலத்தில் பிலாண்டோ கஸ்ரில் என்னும் பாடசாலை உணவுச்சாலை ஊழியரின் காரைப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் மறித்தார். தம்மிடம் துப்பாக்கி உண்டென்பதைக் கஸ்ரில் தாமாகவே மரியாதையாக அறிவித்தார். அவரிடம் அனுமதிப்பத்திரமும் இருந்தது. அடுத்த சில கணங்களிலே அவர் சுடப்பட்டார், இறந்தார். சுட்ட உத்தியோகத்தர் மறுவருடம் யூரர்களால் விடுவிக்கப்பட்டார். துப்பாக்கியுரிமைச் சங்கங்கள் இவ்விடயத்தில் நெடுநேரம் மௌனம் சாதித்தமை அவற்றின் ஆதரவாளர் சிலரையே வெட்கமுறச் செய்தது. கெற்ஸ், சிமர்மன், கஸ்ரில் ஆகிய மூவரின் கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, கிங்கின் விண்ணப்பத்தை நிராகரித்த அதே கை மூன்றிலும் தொழிற்படுவதைக் காணலாம். பத்திரம் உண்டா இல்லையா என்பதனால் அக்கை மாறவில்லை.

புள்ளிவிபரங்களைக் கொண்டு இவ்விவாதத்தைத் தீர்த்துவிட இரு சாராரும் முயன்றுள்ளனர். 1995 இல் கெரி கிளெக், மார்க் கேர்ற்ஸ் என்போர் ஏறத்தாழ ஐயாயிரம் பேரைத் தொலைபேசியில் வினவி, ஆண்டுக்கு 25 இலட்சம் தடவை துப்பாக்கி தற்காப்புக்குப் பயன்படுவதாக மதிப்பிட்டனர். அரசாங்கத்தின் குற்றப் பாதிப்பு அளவீடோ ஓர் இலட்சத்தையொட்டிய தொகையையே தந்தது. எது சரியாயினும் இரண்டிலும் ஓர் அடிப்படைக் குறைபாடு உண்டு: நிகழ்ந்தது தற்காப்பே என்று கூறுபவர் துப்பாக்கி வைத்திருந்தவர் மாத்திரமே. இதற்கு முன்னர் இரு தடவை துப்பாக்கியைக் காட்டியே தம்மைத் தாக்க வந்தோரை விரட்டியதாகக் கெற்சும் கூறினார். அவர்கள் தாக்கவே வந்தனர் என்பதற்கு அவருடைய சொல்லைத் தவிர வேறு சான்று இல்லை. ஐந்து டொலர் கேட்டவர்கள் துப்பாக்கியைக் கண்டு ஓடியிருந்தால் அதுவும் மூன்றாவது வெற்றியாக எண்ணிக்கையிற் சேர்ந்திருக்கும்.

1998 இல் ஜோன் லொற் எழுதிய நூலொன்று, அனுமதி தளர்ந்த மாநிலங்களிலே குற்றம் குறைந்தது என வாதிட்டுப் பெரும்புகழ் பெற்றது. 2004 இல் தேசிய ஆராய்ச்சிப் பேரவையின் அறிஞர் குழு அம்முடிவுக்கு நம்பத்தகுந்த ஆதாரமில்லை என்றது; குற்றம் கூடியது என்பதற்கும் ஆதாரமில்லை என அதே குழு கூறியதையும் மறைத்தலாகாது. 2019 இல் ஜோன் டொனஹியூவும் அவர்தம் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, அனுமதி தளர்ந்த பத்தாண்டுகளின் பின் வன்குற்றங்கள் 13 முதல் 15 சதவீதம் வரை கூடுதலாக இருந்தன எனக் கணித்தது.

நியூயோர்க்கின் சொந்தக் கணக்கே இவற்றினும் தெளிவானது. 1990 இல் அந்நகரில் 2,245 கொலைகள் நிகழ்ந்தன. 2017 இல் அத்தொகை 300 க்கும் கீழே இறங்கிற்று. 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் உயர்ந்தபோதும் 500 ஐ எட்டவில்லை. இக்காலம் முழுவதும் அங்கே நிலவியது அதே இறுக்கமான அனுமதிச் சட்டம். பொலிஸ் முறைகளின் மாற்றம், கொக்கெயின் சந்தையின் சரிவு, பொருளாதாரம், குடியேற்றம் எனக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. அறிஞரிடையே இன்னும் ஒருமைப்பாடில்லை. ஒன்று மாத்திரம் நிச்சயம். தெருக்கள் துணிந்து நடக்கத்தக்கவை ஆயின. ரயிலேறிய எளிய மக்கள் துப்பாக்கி ஏந்தாமலே அவை அவ்வாறாயின. கெற்ஸின் நகரம் துப்பாக்கியின்றிக் காப்பாற்ற முடியாத நகரம் என்று 1984 இல் அடித்துக் கூறியவர்கள் இதற்கு இன்றுவரை நேரிய விடை பகரவில்லை.

2022 ஜூன் 23 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம், ஆறு நீதியரசர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக நின்று, நியூயோர்க்கின் 'தக்க காரணம்' என்னும் நிபந்தனை அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்த்தது. அந்நிபந்தனைக்காகக் கண்ணீர் வடிக்கவேண்டியதில்லை. தாதிக்கு மறுத்ததை இரத்தின வணிகருக்கு அளித்த விதி அது. ஆனால் தீர்ப்பைக் கொண்டாடியவர்கள் அத்துடன் நிற்கவில்லை. அனுமதி என்ற ஏற்பாடே வேண்டாம் என்னும் நிலைக்கு, 2024 ஆம் ஆண்டளவில் 29 மாநிலங்கள் வந்துவிட்டன. தற்றுணிபின் அநீதியை எதிர்த்துத் தொடங்கிய வாதம், பயிற்சியோ விசாரணையோ இல்லாது எவரும் ஆயுதந்தரிக்கலாம் என்ற முடிபிலே சென்று நின்றது. முன்னதிலிருந்து பின்னது எவ்வாறு பெறப்படும்? வாகனச் சாரதிப் பத்திரம் வழங்கும் அதிகாரி பாரபட்சம் காட்டினால், எவருக்கும் பொதுவான தேர்வொன்றை ஏற்படுத்துமாறு கோருவதே முறை. பத்திரமின்றியே எல்லோரும் வாகனம் ஓட்டலாமென்று எவரும் கோருவதில்லை.

நியூயோர்க் சட்டசபை ஓரளவு இவ்வழியிற் சென்றது. 2022 செப்ரெம்பர் முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், அதிகாரியிடம் விசேட ஆபத்தை நிறுவவேண்டிய கட்டாயத்தை விடுத்து, பதினாறு மணிநேர வகுப்பையும் இரண்டு மணிநேரச் சுடுபயிற்சியையும் விண்ணப்பதாரர் யாவருக்கும் விதித்தது. நன்னடத்தை என்ற பெயரிலே பழைய தற்றுணிபின் நிழல் அதிலும் எஞ்சியிருப்பது கண்டிக்கத்தக்கது. அதே சட்டம் பாடசாலை, வைத்தியசாலை முதலியவற்றோடு சுரங்க ரயிலையும் துப்பாக்கி கொண்டுசெல்லலாகாத இடங்களின் பட்டியலிற் சேர்த்தது. பத்திரம் வைத்திருப்பவரும் படியிறங்கும்போது ஆயுதத்தைக் கொண்டிறங்கலாகாது. பதினைந்து இருபது பயணிகளைப் பற்றி ஒருவாறு நினைத்துப் பார்த்த முதற் சட்டம் இதுவெனலாம்.

கெற்ஸ் வழக்கிலே இரண்டு யூரர் குழுக்கள் தீர்ப்புக் கூறின. 1987 இல் மன்ஹற்றனிற் கூடிய குற்றவியல் யூரர் பன்னிருவருள் பதின்மர் வெள்ளையர், இருவர் கறுப்பினத்தவர். அறுவர் தெருக்குற்றத்துக்கு முன்னர் இரையானவர்கள். அவர்கள் கெற்ஸின் அச்சம் நியாயமானதென்று கொண்டனர். 1996 இல் புரொங்ஸ் பகுதியிற் கூடிய குடியியல் யூரர் அறுவருள் நால்வர் கறுப்பினத்தவர், இருவர் இலத்தீன் அமெரிக்க வழியினர். அவர்கள் முதுகுத்தண்டு அறுபட்ட இளைஞருக்கு 4 கோடி 30 இலட்சம் டொலர் நட்டஈடு வழங்குமாறு தீர்த்தனர். கெற்ஸ் அவ்வாண்டே தாம் வங்குரோத்து அடைந்துவிட்டதாக நீதிமன்றத்திலே மனுச்செய்தார். இளைஞர் சக்கரநாற்காலியில் இருந்தார்.